டிஃபால்ட் ரூட்டை யார் அறிவிப்பது? ஸ்டாட்டிக், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி: ஓர் ஒப்பீட்டு அலசல்

விர்ச்சுவல் மெஷின்கள் தங்களுக்குள் பேசுகின்றன. வெளியே மட்டும் போக முடியவில்லை. இப்படிப் புகார் வந்தால் டிஃபால்ட் ரூட் (வேறெந்த ரூட்டிலும் சேராத பாக்கெட்டுகளுக்கான பாதை, எழுதுவது 0.0.0.0/0) எந்த இடத்தில் தொலைந்தது என்று தேடலாம், கண்டுபிடித்தும் விடலாம். இதைவிடத் தொல்லையானது வேறொன்று: டிஃபால்ட் ரூட் எல்லா டேபிளிலும் பளிச்சென்று இருக்கும், அது காட்டும் திசையில் பாதை இருக்காது. எனவே ஸ்டாட்டிக் (கையால் எழுதும் நிலையான ரூட்), ஓஎஸ்பிஎஃப் (ஒரு நெட்வொர்க்குக்குள் ரூட்டர்கள் பாதைகளைப் பகிரும் நெறிமுறை), பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கு இடையிலும் பாதைகளைப் பகிரும் நெறிமுறை) ஆகிய மூன்று முறைகளில் எது எளிது என்று பார்ப்பதைவிட, மேல்பக்கத் தொடர்பு அறுந்தால் எது தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்று பார்ப்பதே பயன் தரும்.

ஸ்டாட்டிக்

ஒரே வரியில் வேலை முடியும். நிஜ ரூட்டரில் கேபிள் அறுந்தால் இன்டர்ஃபேஸ் விழும், ரூட்டும் போய்விடும். விர்ச்சுவல் ரூட்டரில் அப்படி நடக்காது. அதன் நெட்வொர்க் கார்டு விர்ச்சுவல் சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது. ஹோஸ்டின் நிஜ போர்ட் செத்தாலும் உள்ளே லிங்க் 'அப்' என்றே காட்டும். ரூட் அசையாமல் நிற்கும், பாக்கெட்டுகள் காணாமல் போகும். பிஎஃப்டி போன்ற உயிர்ப்புச் சோதனையோடு இணைக்காத ஸ்டாட்டிக் டிஃபால்ட்டை ஆய்வகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓஎஸ்பிஎஃப்

'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' கட்டளை, தன் ரூட்டிங் டேபிளில் ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் இருந்தால்தான் டைப்-5 எல்எஸ்ஏ-வை (வெளி ரூட்டைச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பை) வெளியே விடும். 'ஆல்வேஸ்' சேர்த்தால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடும். அறிவிப்பு வரவில்லை என்று அவசரத்தில் 'ஆல்வேஸ்' போடுவது, காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை உடைப்பதுபோல.

நிபந்தனை உள்ள வடிவத்திலும் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸ் விஎம்-மில் (விர்ச்சுவல் மெஷினில்) எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் ஓடுகிறது. மேலாண்மை இன்டர்ஃபேஸுக்கு முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி மூலம் ஒரு டிஃபால்ட் கிடைத்துவிடுகிறது. அது கெர்னல் ரூட் (லினக்ஸே போட்டது) என்பதால் டிஸ்டன்ஸ் 0; இந்த எண் குறைந்த ரூட்டே வெல்லும். இபிஜிபி-யின் (வெவ்வேறு ஏஎஸ் எண், அதாவது நெட்வொர்க் அடையாள எண், கொண்ட ரூட்டர்களுக்கு இடையிலான பிஜிபி-யின்) 20-உம் ஓஎஸ்பிஎஃப்-இன் 110-உம் அதனிடம் தோற்கும். நிபந்தனை நிறைவேறிவிட்டதாக ஓஎஸ்பிஎஃப் நினைத்து அறிவிக்கும்; டேட்டா சென்டர் டிராஃபிக் முழுவதும் மேலாண்மை நெட்வொர்க்கில் போய் முட்டும். டேபிளில் 0.0.0.0/0-வுக்கு முன்னால் 'கே' என்ற எழுத்து நின்றால் காரணம் இதுதான். மேலாண்மை இன்டர்ஃபேஸைத் தனி விஆர்எஃப்-க்குள் (தனி ரூட்டிங் டேபிளுக்குள்) தள்ளினால் சரியாகும்.

ஏரியா (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) வகையும் கவிழ்க்கும். ஸ்டப் ஏரியா டைப்-5-ஐ உள்ளே விடாது, அதற்குப் பதில் ஏபிஆர் (ஏரியாக்களின் எல்லை ரூட்டர்) தானே டைப்-3 டிஃபால்ட் ஒன்றைக் கொடுக்கும். சாதாரண என்எஸ்எஸ்ஏ-வில் (தன்னுள்ளிருந்து வெளி ரூட்டுகளைக் கொண்டுவர அனுமதிக்கும் ஸ்டப் வகையில்) அதுகூடத் தானாக வராது, தனியாகக் கேட்க வேண்டும். சிஸ்கோ ரூட்டரில் விஆர்எஃப்-க்குள் ஓஎஸ்பிஎஃப் ஓடினால் இன்னொரு விசித்திரம்: எல்எஸ்ஏ டேட்டாபேஸில் இருக்கும், ரூட்டிங் டேபிளில் ஏறாது. டிஎன் பிட் (லூப்பைத் தடுக்க எல்எஸ்ஏ-வில் இடும் அடையாளம்) உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் 'கேபபிலிட்டி விஆர்எஃப்-லைட்' தேவைப்படும். அண்டை ரூட்டருடனான உறவே எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையில் தொங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருத்தமின்மையை. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000 என்று விர்ச்சுவல் சுவிட்ச் அமைப்பில் எளிதாக நேர்ந்துவிடும்.

பிஜிபி

இங்கே ஒரே வேலைக்குப் பல வழிகள், குழப்பமும் அதனால்தான்.

'நெய்பர்' வரியில் சேர்க்கும் 'டிஃபால்ட்-ஒரிஜினேட்', ரூட்-மேப் (ரூட்டுகளை வடிகட்டும் விதி) நிபந்தனை இல்லாவிட்டால், கையில் டிஃபால்ட் இல்லாமலே அண்டை ரூட்டருக்கு ஒன்றை உருவாக்கி அனுப்பும். ஓஎஸ்பிஎஃப்-இன் 'ஆல்வேஸ்' இங்கே சொல்லாமலே இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'நெட்வொர்க் 0.0.0.0' வரி எதிர்மாறானது: ரூட்டிங் டேபிளில் சரியாக அதே ரூட் இருக்க வேண்டும் (எஃப்ஆர்ஆரில் இம்போர்ட்-செக் என்ற இந்தச் சோதனை இயங்கும்வரை). மூன்றாவது, ஸ்டாட்டிக்கை ரீடிஸ்ட்ரிபியூட் செய்வது, அதாவது பிஜிபி-க்குள் கொண்டுவருவது. சிஸ்கோ ஐஓஎஸ்-இல் 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்' மற்ற எல்லாவற்றையும் எடுத்துப்போகும், டிஃபால்ட்டை மட்டும் விட்டுவிடும். பிஜிபி-யின் கீழ் 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' வரியும் வேண்டும்.

மேலிருந்து பிஜிபி வழியாகவே டிஃபால்ட் வருகிறது என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். வந்ததை அப்படியே கீழே கடத்துங்கள். மேலே அறுந்தால் கீழேயும் தானாக மறையும். ஓஎஸ்பிஎஃப்-இன் நிபந்தனை உள்ள வடிவம் இதற்கு நெருங்கி வரும்; ஸ்டாட்டிக்கில் இப்படி இல்லை.

எஃப்ஆர்ஆர் 7.4 முதல், வழக்கமான ப்ரொஃபைலில், ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை சொல்கிறபடி பாலிசி (வடிகட்டும் விதி) இல்லாத இபிஜிபி அமர்வில் ரூட் எதுவும் போகாது, வராது. அமர்வு எழுந்து நிற்கும். பிஜிபி சம்மரியில் எண் வர வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்று மட்டும் இருக்கும். ரூட்-மேப் கொடுத்தால் ரூட்டுகள் ஓடத் தொடங்கும். அந்த ரூட்-மேப்புக்கு எழுதும் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்டில் (முகவரித் தொகுதிகளின் பட்டியலில்) கவனம் தேவை: '0.0.0.0/0' டிஃபால்ட்டை மட்டும் பிடிக்கும், அதோடு 'எல்இ 32' சேர்த்தால் உலகத்தையே பிடிக்கும். எல்லா லீஃப் சுவிட்சுகளுக்கும் (சர்வர்கள் இணையும் சுவிட்சுகளுக்கும்) ஒரே ஏஎஸ் எண் கொடுத்திருந்தால், பார்டர் லீஃப் (வெளியுலகோடு இணையும் லீஃப்) அனுப்பும் டிஃபால்ட்டில் தன் எண்ணையே கண்டு மற்ற லீஃப்கள் தூக்கி எறியும்; 'அலோ-ஏஎஸ்-இன்' போடலாம், தனித்தனி எண் கொடுப்பது இன்னும் சுத்தம்.

இவிபிஎன் (பிஜிபி வழியாக இயங்கும் விர்ச்சுவல் நெட்வொர்க் முறை) இருந்தால் டிஃபால்ட், ஓஎஸ்பிஎஃப்-இன் டைப்-5-ஓடு தொடர்பில்லாத, இவிபிஎன் டைப்-5 ரூட்டாகப் பயணிக்கும். எஃப்ஆர்ஆரில் விஆர்எஃப்-இன் இவிபிஎன் பகுதியில் 'அட்வர்டைஸ் ஐபிவி4 யூனிகாஸ்ட்' விடுபட்டால், விஆர்எஃப் டேபிளில் டிஃபால்ட் இருந்தும் வெளியே போகாது. இவிபிஎன் டேபிளில் தெரிகிறது, எதிர்முனை விஆர்எஃப்-இல் ஏறவில்லை என்றால் ரூட்-டார்கெட்டைப் (எந்த விஆர்எஃப் ஏற்க வேண்டும் என்று ரூட்டில் இடும் அடையாளத்தை) பாருங்கள். சிஸ்கோ நெக்சஸ் சுவிட்சில் அது தானாக உருவாகும்போது ஏஎஸ் எண்ணும் சேர்ந்து வருவதால், ஏஎஸ் வேறுபடும் லீஃப்கள் ஒன்றின் ரூட்டை மற்றொன்று ஏற்காது.

என்எஸ்எக்ஸ் செய்யும் மறைப்பு

விஎம்வேரின் விர்ச்சுவல் நெட்வொர்க் மென்பொருளான என்எஸ்எக்ஸில் டியர்-1-ஐ (உள்பக்க ரூட்டரை) டியர்-0-வோடு (வெளியுலகோடு பேசும் ரூட்டரோடு) இணைத்ததும் டியர்-1-க்கு ஒரு டிஃபால்ட் தானாகவே வந்துவிடும். ஆகவே டியர்-1-ஐப் பார்த்துவிட்டு 'ரூட் இருக்கிறது' என்று சொல்வதில் பொருளில்லை. எட்ஜ் நோடில் (வெளித்தொடர்பைக் கையாளும் மெஷினில்) 'கெட் லாஜிக்கல்-ரூட்டர்ஸ்' அடித்து, டியர்-0 சர்வீஸ் ரூட்டரின் விஆர்எஃப் எண்ணுக்குள் போய், 'கெட் ரூட்' கொடுத்தால்தான் உண்மை தெரியும். அங்கேயும் டிஃபால்ட் இருந்து, ஆனாலும் வெளியே போக முடியவில்லையென்றால், பெரும்பாலும் திரும்பும் பாதைதான் இல்லை: டியர்-1-இல் ரூட் அட்வர்டைஸ்மென்ட், டியர்-0-வில் ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன் இயக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனி அமைப்புகள், ஒன்றை மறந்தாலும் பதில் வராது.

எதை எடுப்பது, எப்படிச் சோதிப்பது

புதிதாகக் கட்டுவதென்றால் பிஜிபி. வந்த டிஃபால்ட்டைக் கடத்துவது முதல் தேர்வு. உருவாக்கியே ஆக வேண்டுமென்றால் மேல்பக்கத்திலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட ப்ரிஃபிக்ஸை ரூட்-மேப்பில் நிபந்தனையாக வைத்து 'டிஃபால்ட்-ஒரிஜினேட்' போடலாம். ஓஎஸ்பிஎஃப் ஏற்கெனவே ஓடும் இடத்தில் அதைப் பிடுங்க வேண்டியதில்லை, 'ஆல்வேஸ்' மட்டும் வேண்டாம்.

பழுது தேடும்போது கீழிருந்து மேலே ஏறுங்கள்: பெறுபவரின் ரூட்டிங் டேபிள், பிறகு அவருடைய பிஜிபி டேபிள், பிறகு அனுப்புபவரின் 'அட்வர்டைஸ்ட்-ரூட்ஸ்', கடைசியில் அனுப்புபவரின் ரூட்டிங் டேபிள். எந்த இரண்டுக்கும் நடுவே ரூட் மறைகிறதோ அங்கேதான் தவறு. 'டிஃபால்ட்-ஒரிஜினேட்' உருவாக்கியது அனுப்புபவரின் சொந்த பிஜிபி டேபிளில் தெரியாது, அதனால் அங்கே இல்லை என்று பதறாதீர்கள்.

சரிசெய்த பின் மேல்பக்க அமர்வை வேண்டுமென்றே நிறுத்தி, கீழே டிஃபால்ட் மறைகிறதா என்று பாருங்கள். அடுத்து போர்ட்டை விர்ச்சுவல் சுவிட்சுக்கு அப்பால், நிஜ சுவிட்சில் அடைத்து, மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பிஎஃப்டி இல்லாமல் 60, 180 நொடி பிஜிபி டைமர்களோடு விட்டிருந்தால் மூன்று நிமிடம் வரை ஆகலாம். அதற்குப் பயந்து, விஎம்-ஆக ஓடும் ரூட்டரில் பிஎஃப்டி-யை 300 மில்லிசெகண்ட், மூன்று தவறல் என்று இறுக்கினால், லைவ் மைக்ரேஷனின் (ஓடும் விஎம்-மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவதன்) நொடிநேர உறைவிலேயே அமர்வு விழலாம். ஒரு நொடி இடைவெளி, மூன்று தவறல் என்று தொடங்கி, தாங்குகிறதா என்று பார்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.