கண்ணை அளக்காமல் இமையை வெட்டும் நிலையங்கள்: ஓர் எச்சரிக்கை

சென்னையில் உள்ள ஓர் அழகியல் சிகிச்சை நிலையத்தில் சென்ற ஆண்டு இரு மேல் இமைகளுக்கும் அறுவை செய்துகொண்டேன். இன்று என் வலக்கண் உறக்கத்தில் முழுவதுமாக மூடுவதில்லை. எந்தத் தொங்கலைச் சரிசெய்யப் பணம் கட்டினேனோ, அந்தத் தொங்கலும் போகவில்லை. அறுவை செய்தவரின் கை தவறிவிட்டது என்று நான் குற்றம் சாட்டவில்லை. தையல் சுத்தமாகவே இருக்கிறது, தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கத்தி வைப்பதற்கு முன் என் கண்ணை அங்கே ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே என் புகார். இந்த அறுவையின் நன்மை தீமை பெரும்பாலும் அந்த அளவெடுப்பில்தான் முடிவாகிறது என்பதால், இமை அறுவைக்குப் போக எண்ணியிருப்பவர்களுக்காக நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளாகவே மேல் இமைகள் தாழ்ந்து, குறிப்பாக வலப்பக்கம் பாதித் தூக்கத்தில் இருப்பவள் போன்ற தோற்றம் வந்திருந்தது. அலுவலகத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மாலையானால் இமை இன்னும் கனத்து, புருவத்தை உயர்த்தி உயர்த்திப் படிப்பதால் நெற்றி வலிக்கும். இந்த இரண்டு விவரங்களும், அதாவது ஒரு பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருப்பதும் மாலையில் மோசமாவதும், தோலைத் தவிர வேறொன்றும் காரணமாக இருக்கலாம் என்பதைக் கண் மருத்துவர் எவருக்கும் உடனே உணர்த்தியிருக்கும். அந்த நிலையத்தில் நான் இதையெல்லாம் சொன்னது மருத்துவரிடம் அல்ல, கையில் டேப்லெட் வைத்திருந்த ஒரு கவுன்சிலரிடம். அவர் என்னைப் படம் எடுத்து, திரையில் என் இமைத் தோலை விரலால் மேலே இழுத்துக் காட்டி, "மேடம், எக்ஸ்ட்ரா ஸ்கின் மட்டும்தான். எடுத்துட்டா பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆயிடும்" என்றார். நான் தைராய்டு மாத்திரை உட்கொள்பவள் என்பதையோ, கண்ணில் அடிக்கடி உறுத்தல் உண்டு என்பதையோ அவர் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் காட்டிய முன்–பின் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன் படங்களில் ஒளி தலைக்கு மேலிருந்து விழுந்தது. முகம் சற்றுக் கவிழ்ந்திருந்தது. பின் படங்களில் ஒளி நேரே முகத்தில் பட்டது. புருவம் ஏறியிருந்தது, மையும் தீட்டியிருந்தது. இப்படி எடுத்தால் அறுவையே இல்லாமல் யாருக்கும் கண் திறந்துவிடும். எனக்கென்று முறையான படம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது; டேப்லெட்டில் எடுத்ததையும் அவர்கள் சேமித்து வைக்கவில்லை. அறுவைக்கு முன் ஒரே வெளிச்சத்தில், புருவத்தைத் தளர்த்தி, நேராகவும் இரு பக்கவாட்டிலும் கண் மூடிய நிலையிலும் உங்கள் கைப்பேசியிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாத இறுதிக்குள் பணம் கட்டினால் சலுகை என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். அதற்குத் தந்தது வெறும் துண்டுச்சீட்டு. மருத்துவச் சேவைகளுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு இருந்தாலும், அழகுக்காகச் செய்யப்படும் அறுவைகளுக்கு அந்த விலக்கு கிடையாது. பிறவிக் குறைபாட்டையோ வளர்ச்சிக் குறைபாட்டையோ விபத்துக் காயத்தையோ சரிசெய்வதானால் மட்டுமே உண்டு. ஆகவே அழகியல் அறுவைக்கு வரி காட்டிய முறையான ரசீது தராமல் ரொக்கம் கேட்கும் இடம், வேறு எதையெல்லாம் எழுத்தில் தராமல் விடும் என்பதை அங்கேயே ஊகித்துக்கொள்ளலாம்.

அறுவை நாளன்று பதற்றம் தணிக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்த பிறகுதான் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். பல பக்க ஆங்கிலப் படிவம், பொடி எழுத்து. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலில் பெருக்கல் குறி. அறுவை செய்யப் போகிறவரை நான் முதன்முறையாகப் பார்த்தது அறுவை மேசையில் படுத்த பின், அதுவும் முகக்கவசத்தோடு. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பின் பெறப்படுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இலேயே தெளிவாகக் கூறியிருக்கிறது. பதற்றம் தணிக்கும் மாத்திரைக்குப் பின் வாங்கிய கையெழுத்தை அந்தத் தீர்ப்போடு எப்படிப் பொருத்துவார்கள் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சொல்லப்பட்டது வேறு, இயல்பு வேறு. மதிய இடைவேளையில் வந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகலாம் என்றார்கள். உண்மையில், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முதல் இரண்டு மூன்று நாள்களில் வீக்கம் ஏறிக்கொண்டேதான் போகும். முதல் 48 மணி நேரம் குளிர்ந்த ஒத்தடமும், தலையணையை உயர்த்திப் படுப்பதும் தேவை. தையல் பெரும்பாலும் 5 முதல் 7 நாள்களில் பிரிக்கப்படும். கன்றிய ஊதா நிறம் மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை குனிந்து பாரம் தூக்குவதும் கண்ணைக் கசக்குவதும் காண்டாக்ட் லென்ஸ் போடுவதும் கூடாது. இரு கண்களும் ஒரே வேகத்தில் வீக்கம் வடிவதில்லை; இறுதி வடிவம் தெரிய மாதங்கள் பிடிக்கும். இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயம் போலும்.

முதல் இரவு வலக்கண்ணில் வலி கூடியபோது, தந்திருந்த எண்ணுக்கு அழைத்தேன்; நெடுநேரம் கழித்து எடுத்த ஒருவர், காலையில் வரும்படி சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அது சாதாரண வீக்கமாகவே முடிந்தது. ஆனால் இமை அறுவைக்குப் பின் மிக அரிதாகக் கண்குழிக்குள் இரத்தம் கசிந்து சேர்ந்து, பார்வை நரம்பை அழுத்தும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் அது வரும். கடும் வலி, கண் முன்னோக்கிப் பிதுங்குதல், பார்வை மங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அழுத்தத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் தளர்த்தாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். அந்த அறிகுறிகள் உள்ளவரிடம் 'காலையில் வாருங்கள்' என்பது கொடுமை. இரவில் எடுக்கப்படும் எண் யாருடையது, எந்த மருத்துவமனையில் கண் அவசரச் சிகிச்சை கிடைக்கும் என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ போன்றவற்றை உட்கொள்கிறீர்களா என்று கேட்காத இடத்தில் அறுவைக்கே ஒப்பாதீர்கள்; அதே வேளையில் இதயத்துக்காக எடுக்கும் மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

வீக்கம் வடிந்த பின் தோல் மடிப்பு போயிருந்தது, கண் திறக்கவில்லை. காலையில் எழும்போது வலக்கண்ணில் மணல் கொட்டியது போன்ற உறுத்தலும் சிவப்பும் இருந்தன. நிலையத்தில் 'போகப் போகச் சரியாகும்' என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்ததால், வேறொரு கண் மருத்துவமனையின் ஆக்குலோபிளாஸ்டி, அதாவது இமை மற்றும் கண்குழி அறுவைப் பிரிவுக்குப் போனேன். அங்கே நடந்த பரிசோதனையை விவரமாகவே சொல்கிறேன், ஏனெனில் அறுவைக்கு முன்பே எனக்கு நடந்திருக்க வேண்டியது அதுதான்.

மருத்துவர் முதலில் என் கண்ணுக்கு நேரே சிறு டார்ச்சைப் பிடித்து, கண் பாப்பாவின் நடுவில் விழுந்த ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை சிறிய ஸ்கேலால் அளந்தார். இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது வலப்பக்கம் 2 மட்டுமே இருந்தது. பிறகு புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று சொல்லி, இமை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளந்தார்; இமையை உயர்த்தும் தசையின் வலுவை அறிய இதுவே வழி. வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்து, இடது இமை தாழ்கிறதா என்று கவனித்தார். ஒரு பக்கத் தொங்கலை ஈடுகட்ட மூளை இரு பக்கத்துக்கும் கூடுதல் விசை கொடுத்துக்கொண்டிருந்தால், ஒன்றைத் தூக்கியதும் மற்றது இறங்கிவிடுமாம். இமையைத் தற்காலிகமாகச் சற்று உயர்த்தக்கூடிய ஃபினைல்எஃப்ரின் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடம் காத்திருந்து மறுபடி அளந்தார். உறங்குவது போல் மெல்லக் கண்ணை மூடச் சொல்லி, கீழிருந்து டார்ச் அடித்து இடைவெளியைப் பார்த்தார். கீழ் இமைக்குள் ஒரு காகிதக் கீற்றின் நுனியை மாட்டி ஐந்து நிமிடம் விட்டார். கண்ணீர் 10 மில்லிமீட்டருக்கு மேல் ஊற வேண்டிய இடத்தில் எனக்கு அதில் பாதியளவே ஊறியிருந்தது. கடைசியாக மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழியின் அடிப்பகுதியில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருப்பதைப் படமெடுத்து எனக்கும் காட்டினார். இரவெல்லாம் திறந்து கிடந்து காய்ந்த இடம் அது.

இமை தாழ்வதற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. தோல் தளர்ந்து வழிவது ஒன்று. புருவமே கீழிறங்குவது மற்றொன்று. இமையைத் தூக்கும் தசையின் நார்ப்பட்டை வயதாலோ, பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் போட்டதாலோ, ஓயாமல் கண்ணைக் கசக்கியதாலோ நெகிழ்ந்து விலகுவது மூன்றாவது. தோலை வெட்டினால் முதலாவது மட்டுமே தீரும். புருவம் இறங்கியவருக்குத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும். எனக்கு இருந்தது பெரும்பாலும் மூன்றாவது. கதவின் கீல் விலகியிருக்க, கதவின் அடியை இழைத்துவிட்டது போன்ற வேலை நடந்திருக்கிறது. அதிலும் புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமைமுடிக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் தோலையாவது விட்டுவைக்க வேண்டும் என்பது அறுவையாளர்களின் வழக்கமான கணக்கு. என் வலப்பக்கத்தில் அது குறைந்துவிட்டது. கண்ணீர் குறைவாகச் சுரப்பவருக்குத் தோலையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தப் பச்சைப் புள்ளிகள் காட்டின.

அறுவைக்கு முன் அந்த நிலையத்தில், கருவளையம் நீங்கும் என்று சொல்லிக் கீழ் இமையையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. நம்மவர்கள் பலர் கண் அறுவையைப் பற்றி விசாரிப்பதே கருவளையத்துக்காக என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் தோலில் கண்ணடிக் கருமை பெரும்பாலும் நிறமியால் வருவது. குடும்பத்தில் பலருக்கும் இருக்கும். தோலை மெல்ல இழுத்துப் பார்த்தாலும் அது அப்படியே இருக்கும். கொழுப்புப் பை துருத்தி அதன் கீழ் விழும் நிழலாக இருந்தால், முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்ததும் பெருமளவு மறையும். கீழ் இமை அறுவை நிழலைத்தான் குறைக்கும், நிறமியை அது தொடுவதில்லை. தளர்ந்த கீழ் இமையைச் சோதிக்காமல் அங்கே தோலை எடுத்தால், இமை வெளிப்பக்கம் புரண்டு கண்ணீர் வழியும் நிலையும் வரலாம். கீழ் இமையை விரலால் முன்னே இழுத்து விட்டால் அது உடனே கண்ணோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது சில நொடிச் சோதனை; அதைக்கூடச் செய்யாதவர்கள் கீழ் இமையைத் தொடக்கூடாது.

நிலையத்திடம் என் மருத்துவப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்டேன். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். முதலில் இழுத்தடித்தவர்கள், அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பின் தந்தார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லை. கண்ணீர்ச் சோதனை, தசைச் சோதனை எதுவும் இல்லை. 'இரு மேல் இமைகளிலும் மிகைத் தோல்' என்ற ஒரே வரியும் என் கையெழுத்தும்தான் இருந்தன. எனக்கு எதிராக வைத்துக்கொள்ள வாங்கிய கையெழுத்து அது. இப்போது அந்த வெற்றுக் கோப்பே எனக்குச் சான்றாகியிருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும், பதிலுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்பது 1995-இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதியான விஷயம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் தனியே புகார் அளிக்கலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

என் கண்ணைச் சரிசெய்வது எளிதல்ல. தசைப்பட்டையை இறுக்கி இமையை உயர்த்தினால் மூடாத இடைவெளி இன்னும் விரியும். தோல் போதாவிட்டால் காதின் பின்புறத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருக்கலாம். திசுக்கள் இளகி அமையும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுதல்.

ஏற்கெனவே எங்கேனும் முன்பணம் கட்டிவிட்டவர்கள், அறுவைத் தேதிக்கு முன் அறுவை செய்யப் போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். என்ற உயர் அறுவைப் பட்டம் முடித்தவரா, கண் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்து ஆக்குலோபிளாஸ்டி பயின்றவரா என்று கேளுங்கள்; 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகை அறுவைக்குத் தகுதியாகாது. பிறகு ஒரு கண் மருத்துவரிடம் தனியே சென்று, மேலே சொன்ன அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை நிலையத்தில் நீட்டும்போது, அறுவை மருத்துவரே வந்து அதைப் படித்து உங்களோடு பேசாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் அறுவைக்கு மட்டும் படுக்காதீர்கள்.