கடல் பக்க ஜன்னல்: சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ஆறு நாள்

முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து வேனில் அழைத்துப்போகும் ஒரு பயணச் சேவையோடு ஆறு நாள் போய்வந்தேன். முதலில் இருக்கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். வேனில் நாங்கள் எட்டுப் பேர். இடது ஜன்னலில் நாலு பேர், வலது ஜன்னலில் நாலு பேர். தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார்கள். நேற்று கடல் பக்கம் உட்கார்ந்தவர் இன்று வலது பக்கம் போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்திருந்தது, அவர்களும் தனித்தனியாகத்தான் சீட்டு எடுத்தார்கள். முதல் நாள் எனக்கு இது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலைக்குள் வேனில் இருந்த எல்லோருடனும் ஆளுக்கு இரண்டு மணி நேரமாவது பேசியிருந்தேன். நான் பேச்சுக்காரி இல்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்கப் பேரேட்டோடுதான் வாழ்க்கை. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்தச் சீட்டு டப்பாவுக்கு.

சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சின்னச் சேவை இது. ஜனவரி கடைசி வாரம், ஆறு நாள், ஐந்து இரவு. சென்னை, புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம், கோடியக்கரை, இராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று அறுநூறு கிலோமீட்டருக்குப் பக்கம். கட்டணம் 13,800 ரூபாய். வண்டி, தங்குமிடம், காலை உணவு, பிச்சாவரம் படகு, கூட வரும் வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். மதியமும் இரவும் நம் செலவு. எனக்குக் கூடுதலாக 3,460 ரூபாய் ஆனது. அதில் 600 ரூபாய் நாகூரில் வீட்டுக்கு வாங்கிய தம்ரூட் இனிப்புக்கு. முன்பணம் 3,000. என் தோழி முதலில் வருவதாக இருந்து கடைசியில் முடியாமல் போனது. பன்னிரண்டு நாள் முன்னாடி சொன்னதால் அவளுடைய முன்பணம் முழுவதையும் பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதுதான் இவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "தெரியாத ஆளுங்களோட ஆறு நாளா?" என்று ரயில் ஏறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதுகுப்பை ஒன்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். வழிகாட்டித் தம்பி கையில் தொங்கு தராசோடு நின்றார். "அக்கா, பதினொண்ணு இருக்கு. ஜமுக்காளத்தை எடுத்துடுங்க, அங்க போர்வை இருக்கு" என்றார். எடுத்தேன். சென்னை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகு கூரியரில் ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று இடங்களில் தங்குமிடம் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. அந்த இரண்டு கிலோ குறைந்தது நல்லதாகப் போயிற்று.

மாமல்லபுரமும் புதுச்சேரியும் முதல் நாளே முடிந்துவிட்டன. ரெண்டும் எல்லோரும் பார்த்த ஊர், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதுச்சேரித் தங்குமிடத்தில் பெண்கள் அறையின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. சொன்ன அரை மணி நேரத்தில் தம்பியே திருப்புளியோடு வந்து சரிசெய்தார். ஆனால் முன்பே ஒருவர் பார்த்துவைத்திருக்க வேண்டிய வேலை அது. தெரியாத ஊரில், அன்றுதான் அறிமுகமான மூன்று பெண்களோடு ஒரே அறையில் படுக்கிறவளுக்குத் தாழ்ப்பாள் பெரிய விஷயம்.

பிச்சாவரத்துக்கு இவர்களை முழு மனதோடு பாராட்டுவேன். மோட்டார் படகு எடுக்காமல் துடுப்புப் படகு எடுத்தார்கள். குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். காலை எட்டு மணிக்கே போனதால் கூட்டமும் இல்லை. அலையாத்திக் காட்டின் சுரபுன்னை மரங்களுடைய முட்டுவேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி நிற்க, தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொண்டன. படகோட்டி அண்ணன் ஒரு மரத்தைக் காட்டி, "இதைத் தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது" என்றார். அதுதான் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம், கோயிலின் தல மரம். தேவாரத்தில் எத்தனையோ தடவை கேட்ட பெயர், கையெட்டும் தூரத்தில் உப்புத் தண்ணீரில் நின்றது. விழுப்புரத்திலிருந்து வந்த விலங்கியல் படிக்கிற பெண், வெண்கண்டல் மரத்தின் வேர்கள் ஏன் சேற்றிலிருந்து ஆணி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று எங்களுக்கு விளக்கினாள். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மூச்சுவிட மேலே வருகின்றன. வழிகாட்டியும் எங்களோடு உட்கார்ந்து கேட்டார். தெரிந்தவர் பேசும்போது குறுக்கே பேசாத வழிகாட்டி என்பது அவர் மேல் எனக்குள்ள பெரிய மரியாதை.

மதியம் சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். மதியத்தில் இட்லியா என்று கேட்காதீர்கள். அந்தக் கொத்சுக்கு எந்த வேளையும் சரிதான். அன்று இரவும் சிதம்பரத்தில்தான் தங்கினோம்.

இப்போது என் குறை. மூன்றாம் நாள் பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி. என் தாத்தா ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்தைக் கையால் கோத்தே அவருடைய ஆட்காட்டி விரல் நுனி தேய்ந்து போயிருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் பற்றி நான் சின்னவளாக இருந்தபோது அவர்தான் சொன்னார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் நிறையச் செலவாகியது, அதனால் இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது என்பதெல்லாம் எனக்கு அவர் வாய்க் கதை. இந்தப் பயணத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணமே பட்டியலில் அந்த ஊர் பெயர் இருந்ததுதான். "தரங்கம்பாடி: மூன்று மணி நேரம்" என்று அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கிடைத்தது நாற்பது நிமிடம். பூம்புகார் கடற்கரையில் இவர்களுடைய விளம்பர வீடியோவுக்காக டிரோன் பறக்கவிட்டு, எங்களை நாலு தடவை மணலில் நடக்கவைத்ததில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மறுக்கலாம் என்று சொன்னார்கள்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்த கூட்டத்தில் ஒருத்தி மட்டும் எப்படி மறுப்பது? தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையை ஒரு சுற்று சுற்றினோம். கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோயிலைத் தூரத்திலிருந்தே பார்த்தோம். ராஜ வீதியில் வேகமாக நடந்து திரும்பினோம். சீகன்பால்க் வாழ்ந்த வீட்டின் உள்ளே போக நேரமில்லை. நான் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அன்று மாலை வழிகாட்டியிடம் நேராகச் சொன்னேன். அவர் சமாளிக்கவில்லை. "தப்புதான் அக்கா, வீடியோவுக்குத் தனி நாள் வெச்சிருக்கணும்" என்றார். பயணம் முடிந்து ஒரு வாரத்தில் நிறுவனத்திலிருந்தும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடுத்த பயணத்தில் அந்த இரவைத் தரங்கம்பாடியிலேயே வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். வைத்தால் நல்லது. காலையில் அந்த ஊரில் நடக்க வேண்டும்.

அன்று இரவு நாகூர். தர்கா மினாராக்களின் விளக்கு வெளிச்சத்தில் தெருக்கடையில் இறால் வைத்த வாடா சுடச்சுடச் சாப்பிட்டோம். தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. சேலத்து நர்ஸ் அக்கா வாடாவை ஆறு தின்றார். ஐடி வேலை பார்க்கிற இரண்டு தம்பிகள் அவரோடு போட்டி போட்டுத் தோற்றார்கள்.

நான்காம் நாள் காலை நாகப்பட்டினம் வழியாகப் போக வேண்டும். ஐயா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டவர், ஓய்வுபெற்ற படகு மெக்கானிக், அறுபத்து மூன்று வயது. அன்று அவருக்குக் கடல் பக்கம் விழுந்தது. எனக்கு வலது பக்கம். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "அம்மா, இன்னிக்கு மட்டும் இடம் மாத்திக்கலாமா?" என்று கேட்டார். "உட்காருங்கய்யா" என்றேன். காரணம் கேட்கவில்லை. வழிகாட்டி பார்த்தார், விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார். நாகப்பட்டினத்தைத் தாண்டும் வரை ஐயா வலது பக்கம் கடைத்தெருவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று இரவு வேதாரண்யத்தில் மொட்டை மாடியில் அவராகவே சொன்னார். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது அவருக்கு நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டையில் வேலை. அன்று ஒரு இன்ஜின் பாகம் வாங்க ஊருக்குள் போயிருந்தார், அதனால் இருக்கிறார். தங்கை இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்று நாமெல்லாம் எண்ணிக்கையாகப் படித்திருக்கிறோம். அவர் தங்கையின் பெயரைச் சொன்னார், தங்கை வைக்கும் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னார். சென்னைக்குக் குடிபோன பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லையாம். தனியாக வரத் தைரியமில்லை, சொந்தக்காரர்களோடு வந்தால் அழுகைதான் மிஞ்சும், அதனால் தெரியாதவர்களோடு வந்தேன் என்றார். ஐடி தம்பிகளில் ஒருவன் எழுந்து போய் அவருக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இந்தச் சேவைக்காரர்கள் இப்படி எதையும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதும், இரவு ஒன்பது மணிக்கு மேல் நிகழ்ச்சி எதுவும் வைப்பதில்லை என்பதும் அவர்கள் எடுத்த முடிவுகள்தான். கேம்ப் ஃபயர், அந்தாக்ஷரி என்று எதையாவது வைத்திருந்தால் ஐயா பேசியிருக்க மாட்டார்.

அதே நாள் பகலில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்டு நடந்து வந்தவர்கள், அந்த மாதக் கடைசியில் உப்பு அள்ளிக் கைதான இடம். நினைவுத் தூணைவிடப் பக்கத்துப் பாத்திகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. வெயிலில் கண் கூசுகிற வெள்ளை, அதில் குனிந்து பலகையால் உப்பு வாருகிற பெண்கள். படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும் என்று வழிகாட்டி வண்டியிலேயே சொல்லிவிட்டார். கேட்டோம். ஒருவர் வேண்டாம் என்றார், எடுக்கவில்லை.

கோடியக்கரைக்கு ஐந்தாம் நாள் விடியலில். வனத்துறை அனுமதி எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். புல்வெளியில் வெளிமான் கூட்டம், கறுத்த ஆண் மான் ஒன்று தலையைத் தூக்கி எங்களையே பார்த்தது. தண்ணீர்ப் பரப்பில் தொலைவில் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு. விலங்கியல் பெண் தன் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தாள். கோடு பூநாரைகளாக மாறியது. தொலைநோக்கி அவளுடையது, சேவைக்காரர்கள் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. பறவைச் சரணாலயத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் இரண்டு தொலைநோக்கியாவது வைத்திருக்க வேண்டாமா? அப்புறம் காட்டுக்குள் இராமர் பாதம். அந்தக் காட்டிலேயே உயரமான இடம் என்றார்கள்; ஏறிப் பார்த்தால் ஒரு மணல் மேடுதான். அவ்வளவு தட்டையான நிலம் அது.

அன்றைய மீதிப் பகல்தான் பயணத்தின் மோசமான பகுதி. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று இராமேஸ்வரம் வரை ஒரே ஓட்டம். நடுவில் மனோராவில் மட்டும் இறங்கினோம். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்கு, அறுகோணக் கோபுரம். கடலோரத்தில் தனியாக நிற்கிறது. மற்றபடி ஏழு மணி நேரம் வண்டிக்குள். பெண்களுக்கு வழியில் பெட்ரோல் பங்க் கழிப்பறைதான், அதிலும் ஒன்று பூட்டியிருந்தது. நர்ஸ் அக்கா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு நர்ஸே அப்படிச் செய்கிறார் என்றால் நிலைமை புரியும். சுத்தமான கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது இவர்கள் வேலை. இதற்காக அரை மதிப்பெண் குறைக்கிறேன். தரங்கம்பாடிக்கு ஒன்று.

ஆறாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் போன ஊர். இடிந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் பார்த்துவிட்டு அரிச்சல்முனைக்குப் போனோம். அன்று சீட்டில் ஐயாவுக்கு வலது பக்கம் விழுந்தது. தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் கடல்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சேர நினைக்கிறவர்கள் முதலில் தரங்கம்பாடியில் எத்தனை மணி நேரம், வீடியோ எடுப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்குத் துண்டு, ரப்பர் செருப்பு, தொலைநோக்கி இருந்தால் அதுவும் எடுத்துப்போங்கள். ஜமுக்காளம் வேண்டாம். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், வெயில் ஏற ஏற அவை கிளம்பிவிடும்.