ஏழு வருட ஃப்ளோ மீட்டரும் ஒரு பிளாஸ்டிக் டம்மி பிளக்கும்

போன வாரம் எங்கள் ஆலையின் தண்ணீர் லைனில் ஓட்டத்தை அளக்கும் மின்காந்த ஃப்ளோ மீட்டரைப் பழுது பார்த்து முடித்த அன்றே நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருடைய ஆலையிலும் ஒன்று போடப் போகிறார்களாம். "நீங்கள்தான் ஏழு வருஷமாக ஓட்டுகிறீர்களே, அதே மாடலை வாங்கலாமா?" என்று கேட்டார். பச்சைக் களிம்பு ஏறிய டெர்மினல் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரம். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீட்டருக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். 100 மில்லிமீட்டர் குழாய், மணிக்கு 0 முதல் 100 கன மீட்டர் வரை அளவு வரம்பு, சென்சார் மேலேயே, அளவைச் சிக்னலாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் உட்கார்ந்திருக்கும் வகை. மின்சாரம் தனி வயரில், அளவைப் பேனலுக்குக் கொண்டுபோகும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் தனி வயரில் (ஓட்டம் பூஜ்ஜியம் என்றால் 4, முழு வரம்பு என்றால் 20). உள்ளே சுழலும் இறக்கை, தேயும் பாகம் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஷட்டவுன் வரும்போது, குழாய் நிறையத் தண்ணீர் இருக்க இரண்டு பக்க வால்வையும் மூடிவிட்டு டிஸ்ப்ளேயைப் பார்ப்பேன். ஏழு வருஷமும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நின்றது. ஒரு கருவியிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

குழாயில் பொருத்தியதிலும் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும் செங்குத்துக் குழாயில் வைத்தோம், அதனால் குழாய் எப்போதும் நிறைந்திருக்கும், காற்றுக் குமிழி தங்காது. முன்பக்கம் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நேர்க்குழாய் இருந்தாலே போதும், எங்களுக்குப் பத்து மடங்கு கிடைத்தது. ஒரே ஒரு தவறு செய்தோம். லைன் பிளாஸ்டிக் குழாய் என்பதை மறந்து, தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் உலோக வளையமான எர்த் ரிங் இல்லாமல் மாட்டிவிட்டோம். முதல் வாரம் முழுக்க ரீடிங் அலைந்துகொண்டே இருந்தது. இந்த மீட்டர் அளப்பது, காந்தப்புலத்துக்குள் தண்ணீர் ஓடும்போது எலக்ட்ரோடுகளில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை. 1832-ல் ஃபாரடே வாட்டர்லூ பாலத்தில் நின்று, தேம்ஸ் ஆற்றுக்குள் உலோகத் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஆறு ஓடுவதால் வரும் மின்சாரத்தைப் பிடிக்கப் பார்த்தார். அவராலேயே அதைத் தெளிவாக அளக்க முடியவில்லை. அவ்வளவு மெலிந்த சிக்னலை நம்ப வேண்டுமானால் தண்ணீரும் மீட்டர் உடம்பும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரிங் போட்டு, பட்டை வயரால் ஃபிளாஞ்சோடு சேர்த்துக் கட்டியதும் ரீடிங் அடங்கிவிட்டது.

இதுவரை எல்லாம் புகழ்ச்சிதான். என் கோபமெல்லாம் உள்ளங்கை அகலமுள்ள டெர்மினல் அறையின் மீது.

மூடியைத் திருகிக் கழற்றினால் ஒரே வரிசையில் எல்லா டெர்மினல்களும் இருக்கும். லைன், நியூட்ரல், எர்த். அங்கிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி மில்லி ஆம்பியர் டெர்மினல்கள். நடுவில் தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. மெயின்ஸ் டெர்மினலுக்கு மேலே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மடல் உண்டு, திருகுளி போவதற்காக அதைத் தூக்கிய முதல் நாளே கீல் ஒடிந்துவிட்டது. அப்புறம் யார் சிக்னலைச் சோதிக்க மூடியைத் திறந்தாலும், மல்டிமீட்டர் முனை போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே மெயின்ஸ் திறந்தபடி நிற்கும். வயரிங் படத்தை ஒட்டியிருப்பது மூடியின் உட்புறத்தில். வேலை செய்யும்போது அந்த மூடி தரையில் கிடக்கும்.

முதல் வயரிங்கிலேயே இது எங்களைக் கடித்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் இருபது வருஷக் கைக்காரர். எங்கள் ஆலையில் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் இரண்டு வயர் வகை, சிக்னலை வாங்கும் பேனல் கார்டிலிருந்துதான் அவற்றுக்கு 24 வோல்ட் போகும். அதே பழக்கத்தில் இதையும் அந்த மாதிரிச் சேனலில் இணைத்துவிட்டார். ஆனால் இந்த டிரான்ஸ்மிட்டரின் வெளியீடு ஆக்டிவ், சிக்னல் போய்த் திரும்பும் வயர்ச் சுற்றான லூப்புக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே கொடுக்கும் (வெளியிலிருந்து சப்ளை எதிர்பார்ப்பது பாசிவ்). இரண்டு பக்கமும் சப்ளை கொடுத்தால் என்ன ஆகும்? சேனல் ஃப்யூஸ் போனதோடு தப்பித்தோம். "தம்பி, இதில் ஆக்டிவ் எது, பாசிவ் எது என்று கண்ணாடி போட்டும் தெரியவில்லை" என்றார் அண்ணன். டார்ச் அடித்து நானே பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு வயர் டிரான்ஸ்மிட்டர் வாங்குகிறவர்கள், அதன் வெளியீடு ஆக்டிவா பாசிவா, பேனல் கார்டு சப்ளை கொடுக்கிறதா இல்லையா என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் வயரைத் தொட வேண்டும்.

மற்றபடி அண்ணனின் வேலை சுத்தம். மெயின்ஸுக்கும் சிக்னலுக்கும் தனித்தனி கிளாண்ட், அதாவது கேபிள் நுழையும் வாயை இறுக்கி அடைக்கும் பாகம். சிக்னல் கேபிளின் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, மீட்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றிவிட்டார். பம்ப் டிரைவின் பவர் கேபிள் போகும் டிரேயில் சிக்னல் கேபிளைப் படுக்க விடவில்லை. எல்லா வயர் முனைக்கும் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழல். எர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார், யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும் என்று. ஆறு வருஷத்துக்கு மேல் தொல்லையில்லாமல் ஓடியது.

இந்த மழைக்காலத்தில்தான் வினை வந்தது. பேனலில் ஃப்ளோ 69-க்கு மேலே ஏறவில்லை. அதற்குக் கீழே எல்லாம் சரியாகவே காட்டியது, மேலே போனால் மட்டும் 69-ல் நின்றுவிடும். பார்க்கிற யாருக்கும் பம்ப் மேல்தான் சந்தேகம் வரும். வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவினோம். பம்ப்பைத் திறந்து உள்ளே சுழலும் இம்பெல்லரைப் பார்த்தோம், அதில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன் மீட்டருக்கு முன்னால் நின்று கூப்பிட்டான். "சார், இங்கே 92 காட்டுதே!"

மீட்டருக்கு 92, பேனலுக்கு 69. அளவு சரி, அதைக் கொண்டுபோகும் வழியில்தான் கோளாறு.

இந்த டிரான்ஸ்மிட்டரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் கை கொடுத்தது. மெனுவில் லூப் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஃப்ளோ எதுவாக இருந்தாலும் நாம் சொல்லும் கரண்டை அது அனுப்பும். அதன் பட்டன்கள் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தனி அறையில் இருப்பதால் டெர்மினல் மூடியைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டு லூப்பை மேனுவலில் போட்டுத்தான் செய்தோம், இல்லையென்றால் பொய்யான சிக்னலுக்குப் பம்ப் ஓடும். 4 கேட்டேன், பேனலில் 4 வந்தது. 12 கேட்டேன், 12 வந்தது. 20 கேட்டேன், 15-ல் நின்றது.

காரணம் எளிது. லூப்பின் மின்தடை எவ்வளவு வரை போகலாம் என்று ஆக்டிவ் வெளியீட்டுக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு, எங்களுடையதற்கு 750 ஓம். 750 ஓமில் 20 மில்லி ஆம்பியரைத் தள்ள 15 வோல்ட் வேண்டும், அதுவரை அது கொடுக்கும். பேனல் கார்டு 250 ஓம், கேபிளில் கொஞ்சம், ஆக 300-க்குள் முடிய வேண்டிய லூப் இது. எங்கேயோ ஒரு இணைப்பு கெட்டு மொத்தம் ஆயிரம் ஓமைத் தொட்டிருந்தது. 12 மில்லி ஆம்பியருக்கு 12 வோல்ட் போதும் என்பதால் அது வந்துவிட்டது. 20-க்கு 20 வோல்ட் வேண்டும், இருப்பதோ 15. ஆகவே 15 மில்லி ஆம்பியரில் முட்டிக்கொண்டது. 100 கன மீட்டர் வரம்பில் 15 மில்லி ஆம்பியர் என்றால் 68.75. நாங்கள் இரண்டு நாள் பம்ப்பில் தேடிய 69 இதுதான். இனி எந்த ஃப்ளோ ரீடிங்காவது உச்சியில் மட்டும் சமதளமாக நின்றால், நான் முதலில் லூப்பைத்தான் பார்ப்பேன்.

திறந்தாக வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அந்த அறையைத் திறக்க நான் யாரையும் விடுவதில்லை. பேனலில் பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டினோம். மூடியில் எழுதியிருந்த நேரம் வரை காத்திருந்தோம், உள்ளே கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்க வேண்டும். டெஸ்டரை முதலில் உயிருள்ள ஒரு சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதி செய்தேன். பிறகு மீட்டரின் லைனிலும் நியூட்ரலிலும் வைத்துப் பூஜ்ஜியம் பார்த்தேன், மறுபடி சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால் பூஜ்ஜியம் என்பது பொய்யாகிவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் அந்த ஒரு விரல் அகல இடைவெளிக்கு முன்னால் இதைக் குறைக்க முடியாது.

உள்ளே அறையின் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர். மில்லி ஆம்பியர் பாசிட்டிவ் டெர்மினலின் திருகுத் தலையில் ஒரு சொட்டு உருண்டு நின்றது. அதைச் சுற்றிலும் பச்சை. வயரை லேசாகத் தொட்டதும் ஃபெரூல் பொடிந்து கையோடு வந்தது. மெயின்ஸ் டெர்மினலுக்கு இன்னும் களிம்பு வந்து சேரவில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் சேர்ந்திருக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது? கிளாண்டுகள் இரண்டும் இறுக்கமாக இருந்தன. மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கில் கிரீஸ் இன்னும் பளபளத்தது. டிரான்ஸ்மிட்டரில் கேபிள் வாய் மூன்று. இரண்டில் கேபிள், மூன்றாவதில் வெற்று வாயை அடைக்கும் டம்மி பிளக். அந்த டம்மி பிளக் பிளாஸ்டிக். வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்தது, நகத்தால் அழுத்தியதும் விரிசல் விட்டது.

அது லாரியில் வரும்போது தூசி போகாமல் இருக்கப் போட்ட பிளக். நிரந்தரமாக இருக்க வேண்டியதே இல்லை. கையேட்டில் தேடிப் பார்த்தேன், பயன்படுத்தாத வாய்களைத் தகுந்த பிளக் கொண்டு மூட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் ஏழு வருஷத்துக்கு முன்பு படித்திருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது நான்தான், அந்தத் தவறு என்னுடையது.

ஆனால் தயாரிப்பாளரை அதற்காக விட்டுவிட மாட்டேன். அந்த பிளக்குக்கு மரை இருக்கிறது, மீட்டர் பெட்டியின் அதே சாம்பல் நிறம், திருகி இறுக்கியும் வந்தது. கழற்றி எறிய வேண்டிய பொருள் என்றால் சிவப்பில் செய்யலாம், மேலே எழுதலாம், மரையே இல்லாமல் சும்மா செருகி அனுப்பலாம். பெயர்ப்பலகையில் ஐபி 67 என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பது அதன் பொருள். மூன்று வாயும் சரியாக அடைபட்டால்தான் அந்த வாக்கு நிற்கும். அந்த வாக்கை உடைக்கும் பொருளைத் தாங்களே மாட்டி அனுப்புகிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

டெர்மினல் கட்டை மாற்றினோம். மூன்றாவது வாய்க்கு ஓ ரிங் வைத்த பித்தளை டம்மி பிளக். வாங்கும் முன் மரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், எம் 20 என்ற மெட்ரிக் மரையும் அரை அங்குல என்.பி.டி. என்ற கூம்பு மரையும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், மாற்றிப் போட்டால் சரியாகப் பிடிக்காது. எரிவாயு, கரைப்பான் புழங்கும் இடமென்றால் பிளக்கும் அந்த மண்டலத்துக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். எங்கள் லைன் வெறும் தண்ணீர்தான். கேபிள் வாய்கள் கீழே பார்க்கும்படி டிரான்ஸ்மிட்டர் தலையைத் திருப்பினோம். கேபிள் கிளாண்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டோம், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெரிய மாற்றம் வேறு. மீட்டருக்குப் பக்கத்தில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் வசதியுள்ள ஐசோலேட்டர் ஒன்று வைத்தோம். மில்லி ஆம்பியர் வயர்களை மட்டும் தனியாக ஒரு சின்னப் பெட்டிக்குக் கொண்டுவந்து, கத்தி போலத் திறக்கும் டெர்மினல்களில் கட்டினோம். இனி லூப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வருகிறவர் மெயின்ஸ் இல்லாத அந்தப் பெட்டியை மட்டும் திறந்தால் போதும். அண்ணன் அந்தப் பெட்டிக்கு மேலே ஆக்டிவ் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். லூப் டெஸ்டில் 20 கேட்டேன், 20.00 வந்தது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று போனில் சொன்ன பாதியைக் கேட்டுவிட்டு நண்பர், "அப்படியென்றால் மீட்டர் நல்ல மீட்டர்தானே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்றார். ஆமாம், அளவில் அது ஒரு நாளும் தவறவில்லை. அந்த ஏழு வருஷப் பூஜ்ஜியத்தை மறக்கவும் மாட்டேன். ஆனாலும் அந்த அறைக்குள் கை விடப் போவது அவருடைய ஆலைப் பையன்கள். தடுப்பில்லாத அந்த டெர்மினல் வரிசையை நினைத்தால் என் வாயிலிருந்து வாங்குங்கள் என்ற சொல் வர மறுக்கிறது. ஐசோலேட்டர், தனிப் பெட்டி, பித்தளை பிளக் மூன்றையும் மீட்டரோடு சேர்த்தே ஆர்டர் போடுவேன் என்று அவர் உறுதி சொன்ன பிறகும் நான் வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டார். போனை வைத்த கையோடு தங்கள் ஆலையில் ஏற்கெனவே இருக்கும் மீட்டர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வேறு தயாரிப்புகள், வேறு லைன்கள். நான்கில் இரண்டில் மூன்றாவது வாயில் அதே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.