எச்ஆர் மென்பொருள்: ஒரே தொகுப்பா, தனித்தனிச் செயலிகளா?

ஆளெடுப்பு, லீவு, சம்பளம் மாதிரி எச்ஆர் (மனிதவள) வேலைகளுக்கு ஏழு தனித்தனிச் செயலிகளை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு, போன ஆண்டு எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்புக்கு மாறினோம். மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் நானும் ஒரு ஆள். அதனால் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை, தொகுப்பின் பக்கம்தான்.

கிளவுடா (விற்பவரின் சர்வரில் இணையம் வழியே ஓடுவது), சொந்த சர்வரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அந்தச் சண்டை முடிந்துவிட்டது. பெரிய மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியே, சொந்த சர்வரில் ஓடும் தன் பழைய பிசினஸ் சூட்டுக்கான வழக்கமான பராமரிப்பை 2027 முடிவோடு நிறுத்துவதாகவும், கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கு 2030 வரை நீட்டிப்பதாகவும் அறிவித்துவிட்டது. இப்போது தெரிவு வேறு. வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ், ஆரக்கிள் எச்சிஎம் மாதிரி எல்லாம் அடங்கிய ஒன்றை வாங்குவதா? அல்லது ஆளெடுப்புக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று, பேரோலுக்கு (சம்பளக் கணக்குக்கு) ஒன்று என்று அந்தந்த வேலையில் கெட்டிக்காரச் செயலிகளாகப் பொறுக்கி இணைத்துக்கொள்வதா?

திரை அழகிலும் வேகத்திலும் தனிச்செயலிகள்தான் ஜெயிக்கும், அதில் விவாதமே இல்லை. ஆளெடுப்பை மட்டுமே பத்து வருடமாகச் செய்கிற ஒரு நிறுவனத்தின் செயலிக்கு முன், தொகுப்பின் ஆளெடுப்பு மாட்யூல் (அந்த வேலைக்கான பகுதி) அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கும். தலைக்கு இவ்வளவு என்ற மாதச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் கணக்கில் இரண்டும் பெரிதாக வேறுபடவில்லை. எங்களை மாற வைத்தது செயலிகளுக்கு நடுவில் ஓடும் கம்பிகள், அதாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கொண்டுபோகும் இன்டக்ரேஷன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவருக்கு மாதம் 1ஆம் தேதியிலிருந்து பதவி உயர்வு. மேலாளரின் ஒப்புதல் வந்ததோ 20ஆம் தேதி. எச்ஆர் செயலியில், அமலுக்கு வரும் நாள் 1 என்று சரியாகத்தான் பதிந்தோம். பேரோலுக்குத் தகவல் கொண்டுபோகும் இன்டக்ரேஷன், தான் கடைசியாக ஓடிய நாளுக்குப் பிறகு அமலாகும் மாற்றங்களை மட்டும் அள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அது கடைசியாக ஓடியது 15ஆம் தேதி. 1 என்பது 15க்கு முந்தையது, ஆகவே பழைய கதை என்று தாண்டிப்போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இரண்டு மாதம் பழைய சம்பளமே போனது. பதவி உயர்வுக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே வந்து காட்டினார். அந்த இன்டக்ரேஷனை எழுதியவர் வேலையை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம்.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள ஒரு ஊழியர். ஒரு செயலி கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் அங்கே ஒரு புள்ளி வைத்தார்கள். இன்னொன்றில் அதே பெயரையே இரண்டு முறை போட்டார்கள். மூன்றாவதில் ஒரு கோடு. மூன்றும் மூன்று ஆட்கள் என்று பயிற்சிச் செயலி முடிவு கட்டி, பாதுகாப்புப் பயிற்சியை முடிக்கவில்லை என்று ஒரே மனிதருக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பியது.

சரி, இதெல்லாம் ஒருமுறை திருத்தினால் தீர்ந்துவிடாதா? தீராது, ஏனென்றால் கிளவுடில் எதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே பதிப்பில்தான் இருப்பார்கள், எனக்கு அடுத்த வருடம் போதும் என்று சொல்ல முடியாது. வொர்க்டேயும் சக்சஸ்ஃபேக்டர்ஸும் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடு, ஆரக்கிள் நான்கு. தேதி முன்கூட்டியே தெரியும், சில வாரங்கள் முன்பே சோதனைச் சூழலில் கிடைத்தும் விடும். இரண்டு சோதனைப் பருவத்தை நாள்காட்டியில் குறித்துவைத்து, அந்த வாரங்களில் யாரும் லீவு போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் ஏழு செயலிகளோ ஆளுக்கொரு தாளத்தில் ஆடின. ஒன்று காலாண்டுக்கு ஒருமுறை, ஒன்று நினைத்தபோதெல்லாம். ஏதோ ஒரு தரவுப் புலத்தின் (ஃபீல்டின்) பெயரை ஒருவர் மாற்றுவார், மூன்று செயலி தள்ளி லீவு இருப்பு பூஜ்யமாகும். யார் பொறுப்பு என்று கேட்டால், இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. விலைப்பட்டியலில் எங்கேயும் வராத செலவு இது. எங்கள் குழுவில் ஒருவரின் முழு வேலையும், இன்னொருவரின் பாதி வேலையும் இதற்கே போயின.

ஆனால் தொகுப்பு என்று பெயர் பலகை மாட்டியதெல்லாம் தொகுப்பு அல்ல. பல பெரிய நிறுவனங்கள் இந்தத் துறைக்குள் வந்ததே அடுத்தவரை வாங்கித்தான். ஆரக்கிள், எச்ஆர் மென்பொருள் நிறுவனமான பீப்பிள்சாஃப்டை 2005இல் வளைத்துப்போட்டது. பீப்பிள்சாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான டேவ் டஃபீல்ட், அனீல் பூஸ்ரியோடு சேர்ந்து அதே ஆண்டு தொடங்கியதுதான் வொர்க்டே. எஸ்ஏபி சக்சஸ்ஃபேக்டர்ஸை வாங்குவதாக 2011 கடைசியில் அறிவித்தது, ஆரக்கிள் ஆளெடுப்பு மென்பொருள் நிறுவனமான டேலியோவை 2012இல் வாங்கியது. வாங்கிச் சேர்த்த மாட்யூல்கள் வெளியே ஒரே லாகினும், உள்ளே தனித்தனி ஊழியர் பட்டியலுமாக இருக்கலாம். அப்படியென்றால் கம்பி அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் டெமோவில் ஒரே சோதனைதான் வைத்தோம். ஒரு ஊழியரின் மேலாளரை மாற்றச் சொன்னோம். அடுத்த நிமிடமே லீவு விண்ணப்பமும், மதிப்பீட்டுப் படிவமும், செலவுக் கோரிக்கையும் புது மேலாளரிடம் போகின்றனவா என்று பார்த்தோம். விற்க வந்த ஒருவர், இரவு ஒரு ஜாப் (தானாக ஓடும் வேலை) ஓடும், காலையில் சரியாகிவிடும் என்றார். அவரை அதோடு அனுப்பிவிட்டோம்.

எதிர்ப்பக்க வாதங்களில் ஒன்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் வருகைப்பதிவு மென்பொருள் நிறுவனமான குரோனோஸின் பிரைவேட் கிளவுடை ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல்) முடக்கியபோது, வருகைப்பதிவுக்கு அதை நம்பியிருந்த நிறுவனங்கள் வாரக்கணக்கில் தாளையும் எக்செலையும் வைத்துச் சமாளித்தன. ஒரு செயலி விழுந்தாலே அந்தப் பாடு. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவர் விழுந்தால்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாதந்தோறும் சம்பளக் கோப்பின் ஒரு நகலை வெளியே எடுத்து வைக்கிறோம்.

ஏஐ பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். தரவு ஒரே இடத்தில் இருந்தால் அதற்கும் வசதிதான். எங்கள் அனுபவம் லீவுக் கொள்கையைக் கேட்டால் பதில் சொல்லும் உதவியாளரோடு நிற்கிறது. விண்ணப்பங்களை வடிகட்டும் வேலையை அதனிடம் விடவில்லை. 2024இல் வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம், ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் இத்தகைய கருவிகளை அதிக அபாய வகையில் சேர்த்திருப்பதே நிதானத்துக்குப் போதுமான காரணம்.

நான் சொல்வது சில ஆயிரம் பேர், ஒரே நாட்டுப் பேரோல் என்ற அளவுக்குத்தான். பத்து நாடுகளில் சம்பளம் போட்ட அனுபவம் எனக்கில்லை. பெரிய தொகுப்புகளின் சொந்தப் பேரோலும் எல்லா நாட்டுக்கும் கிடையாது, அங்கே உள்ளூர் நிறுவனத்தோடு கம்பி இழுத்தே ஆக வேண்டும். இருநூறு பேருக்குள் என்றால் தனிச்செயலிகளே போதும், எக்செலில் கண்ணால் சரிபார்த்துவிடலாம்.

நாங்களும் ஆளெடுப்புச் செயலியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டோம். அந்தக் குழு விடவில்லை. வேலையை ஏற்றுக்கொண்டவரின் விவரம் ஒருமுறை, ஒரே திசையில் உள்ளே வரும், அவ்வளவுதான் இணைப்பு. அப்புறம், கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். வெளியேறும்போது தரவு கிடைக்கும் என்ற வரியை நம்பாமல், சோதனைச் சூழலிலிருந்து ஒரே ஒரு ஊழியரின் கோப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல்முறை வந்த கோப்பில் அவருடைய இன்றைய பதவியும் சம்பளமும் இருந்தன, அதற்கு முந்தைய ஆறு ஆண்டு வரலாறு இல்லை. ஒப்பந்தத்தில் அந்த ஒரு பத்தியை மாற்ற மட்டும் மூன்று வாரம் பிடித்தது.