ஃபோனிக்ஸா, கதைப் புத்தகமா? நான்காம் வகுப்பில் இரண்டையும் செய்து பார்த்த பிறகு

ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கி வைப்பதற்கு, எழுத்தின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் நல்லதா, கதைப் புத்தகம் நல்லதா என்று ஆசிரியர் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிடுகிறோம். நான் ஆண்டுக்கு ஒன்றாக இரண்டையும் செய்து பார்த்தவள். செய்யாறு பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி, நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. 2022-23இல் முழுக்க ஃபோனிக்ஸ், 2023-24இல் முழுக்கக் கதை. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் கதைப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஃபோனிக்ஸ் செய்து கொடுத்த ஒரு வேலையைக் கதையால் செய்ய முடியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாடப்புத்தகமும் பயிற்சிநூலும் தன் பாட்டில் நடந்தன. நான் சொல்வதெல்லாம் அதற்குமேல் மதியத்தில் கிடைத்த 40 நிமிடத்தைப் பற்றி மட்டும். செலவு பெரிய விஷயமே இல்லை. ஃபோனிக்ஸ் அட்டைகளைச் சார்ட் பேப்பர் வாங்கி நானே வெட்டினேன். கதைப் புத்தகங்களில் பாதியை இலவசமாக இறக்கிப் பிரிண்ட் எடுத்தேன், மீதியைச் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கினேன்.

முதலில் ஃபோனிக்ஸ். பரவலாகப் புழங்கும் ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் 42 ஒலிகள், ஏழு தொகுதிகள். முதல் தொகுதியில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகள். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒலியை மட்டும் சொல்லிக் கொடுத்து, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். ஆறு எழுத்து தெரிந்ததுமே பின், டின், டேப் என்று பிள்ளைகள் தாங்களாகவே வாசித்துவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பதுதானே. ஆகஸ்டுக்குள் வகுப்பில் பெரும்பாலோர் மூன்றெழுத்துச் சொல் எதைக் கொடுத்தாலும் கூட்டிவிட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது இதுதான் வழி என்று உறுதியாகவே நம்பினேன்.

ஃபோனிக்ஸ் எனக்குச் செய்து கொடுத்த வேலை என்றேனே, அது இதுதான். தமிழில் 'பழம்' என்பதிலும் 'பயம்' என்பதிலும் ஒரே 'ப'தான் இருக்கிறது, வாயில் வருவதோ இரண்டு ஒலி. நமக்கு அது ஒரு சிக்கலே இல்லை, சொல்லைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. பன்றிக்கும் பெரியதுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'பிக்'. என் பிள்ளைகள் நோட்டிலும் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதினார்கள், எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அதே தப்பு. ஃபோனிக்ஸில் உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். பன்றிக்குக் காற்று கையில் படும், பெரியதுக்கு அவ்வளவு படாது. பத்து நாளில் அந்தத் தப்பு குறைந்தது. தமிழில் ஒரே 'ட'வில் எழுதும் இரண்டு ஆங்கில ஒலிகளுக்கும் இதே வைத்தியம்தான். கதை படித்து இதைச் சரிசெய்ய இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

சரி, அப்புறம் ஏன் மாறினேன்? ஒரு நாள் மூன்றெழுத்துச் சொற்களாலேயே ஆன ஒரு வரியைப் பலகையில் எழுதி, ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னேன். கொழுத்த கோழி ஒன்று குகையில் உட்கார்ந்தது என்று பொருள். ஒரு தடங்கல் இல்லாமல், தப்பும் இல்லாமல் வாசித்தாள். கோழி எங்கே உட்கார்ந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "பத்து டீச்சர்" என்றாள். வரியில் குகைக்கு இருந்த ஆங்கிலச் சொல்லும் பத்துக்கான சொல்லும் தமிழ் வாயில் ஒரே 'டென்', அவளுக்குத் தெரிந்த டென் பத்துதான். கோழிக்கான சொல்லைக் காட்டி இது என்ன என்றால் அதுவும் தெரியவில்லை. வகுப்பில் மற்றவர்களைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் அந்த வரியை வாசிக்கக்கூடியவர்கள்.

அன்று இரவு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். க-ப்-ப-ல் என்று ஒரு பிள்ளை தமிழில் கூட்டும்போது, கடைசி எழுத்து வாயில் வரும் முன்பே 'கப்பல்!' என்று கத்திவிடும். சொல் ஏற்கனவே அதன் காதில் இருக்கிறது, எழுத்து அதைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் என் பிள்ளை சரியாகவே கூட்டுகிறாள், சொல்லும் வருகிறது, ஆனால் தட்டி எழுப்ப உள்ளே ஆள் இல்லை. ஃபோனிக்ஸுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய சான்றுகள், அமெரிக்காவில் 2000இல் வந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, இங்கிலாந்தில் 2006இல் வந்த ரோஸ் அறிக்கை எல்லாம், பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை மனதில் வைத்தவை. அந்தப் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். என் வகுப்புக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது என் தப்பு.

அடுத்த ஆண்டு கதை. இருமொழிப் புத்தகங்கள்தான் எடுத்தேன், மேலே தமிழ் வரி, கீழே ஆங்கில வரி. சென்னையில் துலிகா பதிப்பகம் 1996 முதல் இப்படிப்பட்டவற்றைப் போட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், உரிமம் திறந்த உரிமம் என்பதால் பயமில்லாமல் பிரிண்ட் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரே ஒரு கதை. திங்கட்கிழமை தமிழில் படித்துக் காட்டுவேன், செவ்வாய் ஆங்கிலத்தில், விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி. புதன்கிழமை திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வியாழன் ஜோடி ஜோடியாக, வெள்ளி தனியாக.

அந்த ஆண்டு நாங்களே ஒரு புத்தகமும் போட்டோம். ஒரு வெள்ளாடு சத்துணவுக் கூடத்துக்குள் நுழைந்து முருங்கைக்கீரையைத் தின்றது, சமையல் அக்கா விரட்டினார், ஆடு வகுப்புக்குள் ஓடி வந்து ஒருவன் நோட்டையும் கடித்தது. நிஜமாகவே நடந்ததுதான். எட்டுப் பக்கம், பிள்ளைகளே படம் வரைந்தார்கள், பக்கத்துக்குப் பக்கம் 'கோ, கோட், கோ!' என்று ஒரு வரி. சாக்கு தைக்கும் ஊசியால் முதுகைத் தைத்தோம். ஆங்கிலத்தில் போ என்ற சொல்லும் ஆடு என்ற சொல்லும் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்குவதை நான் சொல்லவே இல்லை, ஒரு பையன் கண்டுபிடித்து வந்து காட்டினான்.

நவம்பரில் யாராவது இரண்டு ஆண்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் ஃபோனிக்ஸ் பிள்ளைகள்தான் ஜெயித்திருப்பார்கள். புதுச் சொல்லைக் கொடுத்தால் அவர்கள் வாசிப்பார்கள், கதைப் பிள்ளைகள் படத்தைத் தேடுவார்கள். ஏப்ரலில்கூடத் தனிச்சொல் வாசிப்பில் ஃபோனிக்ஸ் வகுப்பு கொஞ்சம் மேலேதான் இருந்தது.

ஜூனில்தான் எல்லாம் மாறியது. எனக்கு ஈராசிரியர் பள்ளி கொடுத்த பெரிய வசதி, அதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கும் என்னிடமே வருவார்கள். விடுமுறையில் எது நின்றது, எது கரைந்தது என்று என் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபோனிக்ஸ் ஆண்டுப் பிள்ளைகள் 2023 ஜூனில் வந்தபோது ஏப்ரலில் வைத்த அதே சொல்பட்டியலை எடுத்தேன். மூன்றெழுத்துச் சொற்கள் தேறின. இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் இடங்கள், மீன், கப்பல், நாற்காலி என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் வருகிறதே, அவையெல்லாம் பாதிக்குமேல் போயிருந்தன. ஆகஸ்ட் வரை பழையதைத் திரும்ப நடத்துவதிலேயே போனது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. அட்டைகளை அவர்கள் வீட்டுக்கே கொடுத்து அனுப்பியிருந்தேன். ஆனால் அட்டையைக் காட்டி 'இது என்ன ஒலி' என்று கேட்கவும், சொன்னது சரியா என்று பார்க்கவும் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு வீட்டிலும் அது நடக்கவில்லை. ஒரு வீட்டில் அந்த அட்டைகள் சீட்டுக்கட்டாகியிருந்தன.

கதை ஆண்டில் ஆளுக்கு நான்கு புத்தகம் கொடுத்து அனுப்பினேன், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி. மே மாதம் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண்ணின் ஆயாவைப் பார்த்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். "டீச்சரம்மா, வேலை முடிஞ்சு வந்து திண்ணையில உட்கார முடியல, ஆயா இதக் கேளு ஆயா அதக் கேளுன்னு அந்த ஆட்டுக் கதையவே படிக்கிறா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று படித்திருக்கிறாள். ஆயாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய தேவையே இல்லை, கதை கேட்கக் காது இருந்தால் போதும். ஜூனில் அந்தப் பெண் ஏப்ரலைவிட நன்றாக வாசித்தாள். வகுப்பில் மற்றவர்களும் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே இருந்தார்கள், இரண்டு மூன்று பேர் மேலேயே போயிருந்தார்கள். அந்த ஆண்டு முதல் வாரத்திலேயே புதுக் கதை தொடங்கிவிட்டேன்.

என் கணக்கில் இதுதான் தராசைச் சாய்த்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் கோடை விடுமுறை, அப்புறம் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள், காய்ச்சல், திருவிழா, அறுவடை. நான் பக்கத்தில் இல்லாத அந்த நாட்களில் எது தானாக ஓடுகிறதோ அதுதான் பிள்ளைக்கு மிஞ்சுகிறது. ஃபோனிக்ஸ் ஓட நான் வேண்டும். புத்தகம் ஓட ஒரு ஆயா போதும், ஒரு தம்பி போதும்.

இந்த இரண்டு வகுப்புகளையும் நேருக்கு நேர் வைப்பது முழுக்க நியாயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். முதல் வகுப்பில் 14 பேர், அடுத்ததில் 11 பேர், இவ்வளவுதான் என் சாட்சி. இரண்டாவது வகுப்பு கொரோனாவால் ஒன்றாம் வகுப்பே காணாதவர்கள், 2021 நவம்பரில்தான் முதல்முறையாகப் பள்ளிக்குள் வந்தவர்கள். பின்தங்கித் தொடங்கியவர்கள் என்பது கதைக்குச் சாதகமான வாதம். ஆனால் எனக்கும் ஓராண்டு அனுபவம் கூடியிருந்தது என்பது எதிர்வாதம்.

எனக்குத் தெம்பு கொடுத்தது பிஜித் தீவில் நடந்த ஓர் ஆய்வு. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை, பள்ளிக்கு 250 என்ற கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆங்கிலம் அவர்களுக்கும் வீட்டு மொழி இல்லை. எட்டு மாதத்தில் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு வேகம். 20 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வளர்ச்சி குறையாமல் கூடியிருந்தது, மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியிருந்தது. எட்டு மாதக் கணக்கைவிட அந்த 20 மாதக் கணக்குத்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கதைப் பக்கம் வருகிறவர்களுக்குப் பராமரிப்பு பற்றி ஒன்று. புத்தகம் கிழியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அழகழகான புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தன, இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் பூட்டிய பீரோவை வைத்துக்கொண்டு கதைமுறை நடத்த முடியாது. நான் வீட்டுக்கு அனுப்புவது பிரிண்ட் எடுத்தவற்றையும் என் காசில் வாங்கியவற்றையும்தான், அவை பதிவேட்டில் இல்லை. கோடைக்குக் கொடுத்த 44இல் 37 திரும்பி வந்தன. ஒன்று முழுக்க மஞ்சள் கறையோடு வந்தது, அதைத்தான் அதிகம் பேர் படித்திருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு ரோல் செல்லோ டேப் ஆகிறது.

இன்னொன்று, தமிழ் வாசிப்பு நொண்டினால் இருமொழிப் புத்தகத்தின் பாதிப் பயன் போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் போட்ட சிறு தமிழ்ப் புத்தகங்களை, நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டிருக்கிறார்களே அவற்றை, முதலில் கொடுக்கிறேன்.

ஃபோனிக்ஸை நான் விட்டுவிடவும் இல்லை. இப்போதெல்லாம் 40 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் ஒலி, அன்றைய கதையில் இருக்கும் சொற்களை வைத்தே. 2023-24 வகுப்பில் ஒரு பையனுக்குக் கதை வேலையே செய்யவில்லை. வரியை மனப்பாடமாகச் சொல்வான், விரலை ஒரு சொல்லின்மேல் நிறுத்தி இது என்ன என்றால் திகைப்பான். தமிழிலும் அவனுக்கு அப்படித்தான். அவனை மட்டும் தினம் தனியாக உட்காரவைத்து ஒலி ஒலியாக நடத்தியபோதுதான் நகர்ந்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ்தான் முதல் வழி என்று நினைக்கிறேன், ஆனால் ஒரே ஒரு பிள்ளையை வைத்து இதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஒன்றாம் வகுப்பு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. வரும் ஜூனில் வகுப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். தமிழ் எழுத்தே இன்னும் பிடிபடாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தை எப்போது காட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் மூன்று மாதம் எழுத்தே இல்லாமல் கதை மட்டும் சொல்லலாம் என்று ஓர் எண்ணம். ஆட்டுக் கதைப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.