ஸாகிந்தோஸ் போறவங்க கவனத்துக்கு: கப்பல் பீச்ல இறக்கி விடுறோம்னு சொன்னா டிக்கெட் எடுக்காதீங்க

கிரீஸ்ல ஸாகிந்தோஸ் தீவுக்கு பிளான் போட்டு வெச்சிருக்கறவங்க இத படிச்சிட்டு அப்புறம் போட் டிக்கெட் எடுங்க ப்ளீஸ். நவாஜியோ பீச் தெரியும்ல, வெள்ளை மணல்ல துருப்பிடிச்ச கப்பல் ஒண்ணு கிடக்கும், சுத்தி செங்குத்தா பாறை, கிரீஸ் டூர்னு எங்க தேடினாலும் முதல்ல வந்து நிக்கிற போட்டோ. 1980ல கரை தட்டின பனாயோட்டிஸ்ங்கிற கப்பல் அது. அந்த பீச்ல நாங்க போனப்ப யாருக்கும் கால் வைக்க அனுமதி இல்ல. 2018ல பாறை உடைஞ்சு விழுந்து கரைல இருந்தவங்களுக்கு அடிபட்டுச்சு, 2022 செப்டம்பர்ல நிலநடுக்கத்துல மறுபடியும் சரிஞ்சுச்சு, அதுக்கப்புறம் அரசாங்கமே கரைல இறங்குறதுக்கும் பக்கத்துல நீந்துறதுக்கும் தடை போட்டுருச்சு. போட் தள்ளி நின்னு காட்டும், அவ்வளவுதான்.

இத நான் முன்னாடியே படிச்சிருந்தேன். அதனாலதான் தீவோட தெற்குப் பக்கம் இருக்கிற லாகனாஸ் ஊர் மெயின் ரோட்ல இருந்த டிக்கெட் கடைல நேராவே கேட்டேன், பீச் மூடியிருக்காமே, இறங்க விடுறாங்களான்னு. கவுன்ட்டர்ல இருந்த லேடி என் முகத்த பாத்து, "அது பழைய நியூஸ், இந்த சீசன் திறந்தாச்சு, ஒரு மணி நேரம் பீச்ல விடுவோம், நல்லா குளிக்கலாம்"னாங்க. பின்னாடி போர்டுல அந்த மணல்ல ஜனங்க படுத்திருக்கிற பெரிய போட்டோ வேற. ஆளுக்கு 45 யூரோ, கேஷா குடுத்தா 40. நான், மனைவி, பையன், அம்மா, மொத்தம் 160 குடுத்தோம். கைல வந்தது ஒரு மஞ்சள் துண்டு சீட்டு, அதுல பேனால 4னு போட்டு பஸ் வர்ற நேரம் மட்டும் எழுதியிருந்துச்சு, பின்பக்கம் பொடி எழுத்துல வானிலைய பொறுத்து ரூட் மாறலாம்னு. ரசீது குடுங்கன்னா இதுதான் ரசீதுன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் பஸ்ல ஏத்தி வடக்கு முனைல இருக்கிற அகியோஸ் நிகோலாஸ் துறைக்கு கூட்டிட்டுப் போனாங்க. (கார் எடுக்கறவங்க கவனிங்க, தென்கிழக்குல வாசிலிகோஸ் பக்கம் இதே பேர்ல ஒரு பீச் இருக்கு, மேப்ல தப்பா போட்டா தீவோட இன்னொரு கோடிக்கு போயிருவீங்க.) வழில வர்ற ப்ளூ கேவ்ஸ்ங்கிற கடல் குகைங்க நிஜமாவே அழகு, காலை வெயில்ல தண்ணி உள்ளுக்குள்ள இருந்து எரியிற மாதிரி ஒரு நீலம், அதுல குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நவாஜியோ வந்துச்சு. மைக்ல என்ன சொன்னாங்க தெரியுமா, இன்னிக்கு அலை அதிகம், உங்க பாதுகாப்புக்காக இறக்க முடியலன்னு. கடல்ல அலையே இல்லங்க! கயிறு சுத்திட்டு இருந்த பையன்கிட்ட என் மனைவி மெதுவா கேட்டா, நேத்து இறக்கினீங்களான்னு. அவன் சுத்திமுத்தி பாத்துட்டு, நான் வேலைக்கு சேந்ததுல இருந்து ஒருத்தரையும் இறக்கினதில்லன்னான். அலைன்னு சொன்னாதான் சீட்டு பின்னாடி இருக்கிற வானிலை வரி அவங்களுக்கு கை குடுக்கும், தடைன்னு சொன்னா பணத்த திருப்பித் தரணும், கணக்கு அதுதான்.

அதுக்கு பதிலா ஸ்விம் ஸ்டாப்னு ஒரு பாறை இடுக்குல நிறுத்தினாங்க, நேரா ஆழம், போட்ல இருந்து ஏணி வழியா இறங்கணும், நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டா எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. எங்கம்மா கடல்ல கால் நனைக்கலாம்னு புதுத் துண்டெல்லாம் எடுத்துட்டு வந்தவங்க, அத மடியிலயே வெச்சுகிட்டு டீசல் புகைல உக்காந்திருந்தாங்க. "விடுப்பா, தூரத்துல இருந்து பாத்தாச்சுல்ல"ன்னு என்னைய சமாதானம் பண்றாங்க. எனக்கு அதுலதான் தாங்கல.

அதே கடைல ஆமை டூரும் விக்கிறாங்க, அதுக்கு நாங்க போகல. லாகனாஸ் வளைகுடா கரெட்டா கடலாமைங்க முட்டை போடுற இடம், 1999ல இருந்து தேசிய கடல் பூங்கா. ஒரு ஆமை மூச்சு விட தலைய தூக்கினா நாலு பக்கமும் போட் வந்து நிக்குது, பாவம் அது உள்ள போறதும் வர்றதுமா இருந்துச்சு. கரைல இருந்தே பாத்தேன், மனசு கேக்கல. டூர்தான் வேணும்னா ஒரு ஆமைய விரட்டாத போட் எதுன்னு விசாரிச்சு போங்க.

இன்னொரு பீச்ல வேற மாதிரி. தண்ணி ஓரத்துல துண்டு விரிச்சா, சன்பெட் (சாஞ்சு படுக்கிற நாற்காலி) வாடகைக்கு விடுற ஆள் வந்து இது எங்க இடம், சன்பெட் எடுத்தாதான் உக்காரலாம்னு விரட்டுறான். அப்படி எந்த உரிமையும் அவங்களுக்கு கிடையாது. 2024ல வந்த சட்டப்படி தண்ணி ஓரத்துல இருந்து 4 மீட்டருக்கு சன்பெட் போடக்கூடாது, பீச்ல பாதியாவது காலியா விடணும், பாதுகாக்கப்பட்ட இடம்னா 70 சதவீதம். மைகோஸ்ட்னு அரசாங்க ஆப் இருக்கு, போட்டோவோட அதுல புகார் போடலாம். நான் ஆப்ப திறந்து காட்டினதும் ஆள் நகந்துட்டான்.

போட்டே வேணாம், பீச் மட்டும் போதும்னா சின்னப் பிள்ளைங்க, வயசானவங்களுக்கு அலிகேஸ் இல்லன்னா லாகனாஸ், ரொம்ப தூரம் ஆழமே இல்ல. போர்ட்டோ லிம்னியோனாஸ் போட்டோல சொர்க்கம், ஆனா மணலே கிடையாது, பாறைல இருந்து நேரா ஆழத்துல இறங்கணும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க மட்டும் போங்க. ஸிகியால கந்தக ஊத்து, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது தெரிஞ்சு போனா ஏமாத்தம் இல்ல. எங்களுக்கு பிடிச்சது ஜெராகாஸ்தான். போட் சத்தமே இல்ல, குடை நடுறதுன்னா தண்ணி ஓரமா மட்டும், பின்னாடி மணல்ல ஆமை முட்டை இருக்கும், சாயங்காலம் 7 மணிக்கு எல்லாரும் கிளம்பிரணும். அம்மா அங்கதான் ஆசை தீர கால் நனைச்சாங்க. நவாஜியோவ பாத்தே ஆகணும்னா வோலிமேஸ் பக்கம் மலை மேல இருந்து பாக்கலாம், காசு மிச்சம், ஆனா வேலி தாண்டி விளிம்புக்கு போகாதீங்க. போட்லதான் போவோம்னா "கரைல இறங்க மாட்டோம்"னு அவங்களே ஒத்துக்கிற ஆள்கிட்ட, மேற்குக் கரைல போர்ட்டோ வ்ரோமில இருந்து போங்க, அங்க இருந்து ரொம்ப பக்கம்.

பணம் விஷயம். திரும்பி வந்து கேட்டப்ப வானிலைக்கு நாங்க பொறுப்பில்லன்னாங்க. அங்கயே நின்னு டூரிஸ்ட் போலீஸ் 1571க்கு போன் போட்டேன், இங்கிலீஷ்ல பேசுறாங்க, ரசீது தராதது தனி தப்புன்னு அவங்களே சொன்னாங்க. போன வெக்கிறதுக்குள்ள கவுன்ட்டர்ல இருந்து 80 யூரோ வந்துச்சு. நல்ல வேளை போர்டையும் மஞ்சள் சீட்டையும் முதல் நாளே போட்டோ எடுத்து வெச்சிருந்தோம். மீதி 80க்கு நுகர்வோர் நம்பர் 1520ல புகார் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.