ஒரே இரவிலா, இணையாகவா, படிப்படியாகவா?

பழைய மென்பொருளுக்கு விடைகொடுத்துப் புதியதை ஓடவிட மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒரே இரவில் முழுவதையும் மாற்றலாம். இரண்டையும் சில காலம் சேர்த்து ஓட்டலாம். அல்லது படிப்படியாக மாற்றலாம். எது மலிவு என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். பிழை நேர்ந்தால் முதலில் யார் கண்ணில் படும் என்பது என் கேள்வி.

ஒரே இரவு மாற்றத்தில் அது வாடிக்கையாளர் கண்ணில் படும். பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றியது. தரவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, தளம்தான் தடுமாறியது. எல்லாம் சீராக டிசம்பர் ஆயிற்று. இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்கவேண்டிய அமைப்பில், பெருங்கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனை ஒரே மையத்தில் மட்டும் நடந்திருந்தது. 2022-இல் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

இணை ஓட்டத்தில் கணக்காளர் கண்ணில் படும். சம்பளப் பட்டியலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை: பழைய தொகையையும் புதிய தொகையையும் ஒப்பிட்டால் போதும். ஆனால் ஊழியர்களுக்கு வேலை இரட்டிப்பு. அதனாலேயே அவசரக்காரர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். டிக்கெட் முன்பதிவு போன்றவற்றுக்கு இது ஒத்துவராது; ஒரே இருக்கையை இரண்டு இடத்தில் விற்க முடியாதே.

படிப்படி மாற்றத்தில் சில பயனர்கள் கண்ணில் மட்டும் படும். அதுவே என் தேர்வு, ஒரு நிபந்தனையோடு. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல் 2012 ஜூலை இறுதியில் புதிய நிரலைச் சில சர்வர்களாகப் பிரித்து, நாள்கணக்கில்தான் நிறுவியது. எட்டில் ஒன்று விடுபட்டதை யாரும் சரிபார்க்கவில்லை. நிறுவியதுதான் படிப்படியாக, பயன்பாட்டுக்கு வந்ததோ ஆகஸ்ட் 1 காலையில், ஒரே வீச்சில். விடுபட்ட சர்வரில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. பதறிய ஊழியர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய நிரல் கிடந்ததால் கோளாறு அவற்றுக்கும் பரவியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

ஆகவே, 5 சதவீதப் பயனர்களிடம் உண்மையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். பின்வாங்கும் வழியையும் முன்கூட்டியே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அதைச் செய்யாத குழு எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் ஒப்புதல் கையெழுத்திட மாட்டேன்.